பத்தாம் நம்பர்

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதிக்கொண்டது. இங்கே நான், அவர், உன் மருமகள் மூன்று பேரும் சுகம். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? அந்த ஊர் ஷூக்கடையில் பிள்ளைகளின் காலையெல்லாம் மண்டியிட்டு அளந்து அளந்து உன் முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். முதலாளியிடம் ஒரு முக்காலி கேட்டு வாங்கிக்கொள் என்று எத்தனை தடவை எழுதிவிட்டேன். சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பட்டாணிக்கு ஷூ வேண்டும். வெயில் இப்போதே கொளுத்துகிறது. பழைய ஷூவைக் கழற்றினால் கால் வெந்துபோயிருக்கிறது. வார் வைத்த செருப்பு என்றால் கொக்கி போடத் தெரியவில்லை என்று அழுகை. அவள் வகுப்பில் ஒருத்தி லேஸ் இல்லாத துணி ஷூ போட்டு வருகிறாளாம். இரண்டு பக்கமும் எலாஸ்டிக், காலை நுழைத்தால் போதும். அது மாதிரி வேண்டும், யாரும் போட்டுவிடக் கூடாது, தானே போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறாள். நாலு வயதில் இவ்வளவு ரோஷம். எல்லாம் தாய்மாமன் வழி.

இங்கே சந்தையில் வாங்கியது ஒன்பதாம் நாளே வாயைப் பிளந்துவிட்டது. அதனால் அசலாகப் பார்த்து நீயே அனுப்பு. குதிகாலை அமுக்கினால் அமுங்கக் கூடாது, அடியை வளைத்தால் விரல் மடங்கும் இடத்தில்தான் வளைய வேண்டும், நடுவில் வளைந்தால் அது ஷூ இல்லை, அட்டை என்பாயே. எனக்கு அந்த வித்தையெல்லாம் வராது. மருந்துக்கடையில் பில் போடுகிறவளுக்கு மாத்திரை அட்டைதான் தெரியும்.

கால் அளவை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே சாயங்கால நேரத்தில், இரண்டு காலிலும் எடை விழும்படி நிற்கவைத்து, பென்சிலைச் சாய்க்காமல் வரைந்தேன். கூச்சத்தில் நெளிந்து நெளிந்து சிரித்தாள். பிறகு பென்சிலைப் பிடுங்கி அவள் அப்பா காலையும் நாற்காலி காலையும் வரைந்தாள். அடியில் இருக்கும் கிறுக்கல் உனக்காக. யானையாம்.

எங்கள் கீழ்வீட்டு லாரிக்காரர் ஐந்தாம் தேதி உங்கள் ஊருக்கு வருகிறார். அவரிடம் கொடுத்தனுப்பு. தினமும் எழுந்ததும் "ஷூ வந்துடுச்சா"தான்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தங்கை

~

மார்ச் 5

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம், முட்டியும் நலம், இருவரும் அவரவர் வேலையைப் பார்க்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பட்டாணியும் நலமாக இருக்க வேண்டும்.

யானை அருமை. அளந்தும் பார்த்துவிட்டேன், யானைக்கு எங்கள் கடையில் நம்பர் இல்லை என்று சொல்லிவிடு.

கோடு நேர்த்தியாக வரைந்திருக்கிறாய். இங்கே வரும் அம்மாக்கள் இருக்கிறார்களே, நான் அளந்து முடித்ததும் "வளர்ற பிள்ளைங்க, ஒரு நம்பர் பெருசா குடுங்க" என்பார்கள். லேஸ் இல்லாத ஷூவைப் பெரிதாக வாங்கினால் அதைப் பிடித்துவைக்க ஒன்றுமே இல்லை, பிள்ளை விரலை மடக்கி மடக்கி நடக்கும் என்று தொண்டை வற்றச் சொல்வேன். பிள்ளையின் அப்பா வந்து என்னை முறைப்பார். நீ எனக்குத் தங்கையாக வாய்த்தது என் பாக்கியம்.

நீ அனுப்பிய அளவோடு வளர்ச்சிக்கு அரை விரல் சேர்த்தால் பத்தாம் நம்பர் வருகிறது. எங்கள் பட்டாணியா இவ்வளவு வளர்ந்துவிட்டாள் என்று நம்ப முடியவில்லை. அந்த ரகத்தில் ஒன்பது அடுக்கடுக்காகக் கிடக்கிறது, பத்துதான் இல்லை. புதுச் சரக்கு வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். லாரிக்காரரோ வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறார். எப்படியோ தேடி ஒரு ஜோடி பிடித்துவிட்டேன். நீல நிறம். நீ அமுக்கிப் பார்க்கவும் வளைத்துப் பார்க்கவும் வேண்டாம். எல்லாம் நான் பார்த்தாயிற்று.

அவசரத்தில் முடிக்கிறேன். பட்டாணி போட்டுக்கொண்டு நடந்தது எப்படி என்று எழுது.

அன்புடன் அண்ணன்

~

மார்ச் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். உன் முட்டிக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன். கடைக்கு வருகிறவர்கள் இதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். தினமும் தேய், அலமாரியில் வைத்துப் பூஜை செய்யாதே.

ஷூ வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. முதல் நாள் அதைக் கழற்ற மாட்டேன் என்று படுக்கையிலும் போட்டிருந்தாள். காலை நுழைக்கிறாள், எடுக்கிறாள், மறுபடி நுழைக்கிறாள். பெட்டியை யாரும் தொடக் கூடாது, உங்கள் கடைப் பெயர் போட்ட பெட்டியில்தான் இப்போது அவள் சாமான்கள் எல்லாம் குடியிருக்கின்றன.

முன்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது. இருக்கட்டும், அடுத்த வருஷத்துக்கும் ஆகும். புது ஷூவில் மண்ணெண்ணெய் வாசம் வருகிறதே, எல்லாம் அப்படித்தானா? இரண்டு நாள் வெயிலில் வைத்தேன், கொஞ்சம் குறைந்திருக்கிறது.

எங்கள் வீடு மூன்றாவது மாடி அல்லவா? அவள் இறங்கினாலும் ஏறினாலும் டப் டப் என்று படியெல்லாம் சத்தம். கீழ்வீட்டில் லாரிக்காரர் மனைவி அதைக் கேட்டே "பட்டாணி ஸ்கூல் விட்டு வந்தாச்சு" என்று அடுப்பில் பாலை வைக்கிறார்.

அடியில் கிறுக்கியிருப்பது நீ. தலை பெரிதாக இருப்பதற்குக் கோபித்துக்கொள்ளாதே.

அன்புத் தங்கை

~

ஏப்ரல் 2

தங்கச்சிக்கு,

நான் நலம். நீங்கள் நலமா?

கேட்டுக்கொள். டப் டப் என்று சத்தம் வரக் கூடாது. சத்தம் வந்தால் ஒவ்வோர் அடிக்கும் குதிகால் ஷூவை விட்டு மேலே வருகிறது என்று அர்த்தம். சரியான அளவில் அப்படி வராது. உன் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது, கண்டதும் எழுதுகிறேன்.

இன்னொன்று. நேற்று ஓர் அம்மா எங்கள் கடைக்கு ஒரு ஷூவைத் தூக்கிக்கொண்டு வந்து சண்டை போட்டார். எங்கள் சரக்கே இல்லை அது. பேருந்து நிலையத்துக்கு எதிரே தள்ளுவண்டியில் விற்கிற போலி. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். அடி மட்டும் ரப்பர் இல்லை, கெட்டியான பிளாஸ்டிக். தண்ணீர் பட்ட தரையில் சோப்பு மாதிரி வழுக்குகிறது. முதலாளி அதை ஈரத் தரையில் வைத்து ஒரு விரலால் தள்ளிக் காட்டினார், எதிர்ச் சுவர்வரை போனது.

பட்டாணியின் ஷூவுக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் எனக்கு மனசு சரியில்லை. மறுபடி எழுதும்வரை அதை அவளுக்குப் போட வேண்டாம். முக்கியமாகப் படியில் வேண்டவே வேண்டாம். அழுதால் அழட்டும். காலை மறுபடி வரைந்து உடனே அனுப்பு. புதுச் சரக்கு வந்துவிட்டது, வேறு ஜோடி அனுப்பிவிடுகிறேன்.

கிடைத்ததும் ஒரு வரி எழுது.

அண்ணன்

~

மே 6

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. ஒரு மாதமாகிவிட்டது, ஒரு வரி இல்லை. உடம்பு கிடம்பு சரியில்லையா? தைலம் தேய்க்கிறேன், முட்டி பரவாயில்லை, நீ திட்டுவதற்குக்கூட இப்போது காரணம் இல்லை.

நேற்று லாரிக்காரரைப் பார்த்தேன். மாதாமாதம் கடைக்கே வந்து டீ குடித்துவிட்டுப் போகிறவர், இந்தத் தடவை எதிர்ப்பக்கம் நின்று சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார். நானே போய்க் கூப்பிட்டேன். "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டேன். கயிற்றைச் சுற்றிக்கொண்டே "இருக்காங்க" என்றார். டீ வேண்டாம், நேரமாகிவிட்டது என்று ஏறிப் போய்விட்டார். அவ்வளவு அவசரம் அவருக்கு எப்போதும் கிடையாது.

மாப்பிள்ளையின் போன் எண் ஒன்று வைத்திருந்தேன். கூப்பிட்டேன், அடித்துக்கொண்டே இருக்கிறது. தயவுசெய்து எழுது. திட்டியாவது எழுது.

அண்ணன்

~

மே 21

அண்ணனுக்கு,

தங்கை எழுதிக்கொண்டது. உன் கடிதங்கள் கிடைத்தன. இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

வெயில் அதிகம். கடையில் ஓர் ஆள் நின்றுவிட்டார், அதனால் வேலை ஜாஸ்தி. பட்டாணியின் அப்பாவுக்கும் வயரிங் வேலை தொடர்ந்து இருக்கிறது. எழுத நேரமே அமையவில்லை, தப்பாக நினைக்காதே.

பட்டாணி அந்த ஷூவைப் போடுவதில்லை. படியில் ஓடுவதும் இல்லை. நீ கவலைப்பட வேண்டாம்.

இனிமேல் எனக்கு எழுதுவதாக இருந்தால் மருந்துக்கடை முகவரிக்கு எழுது. வீட்டுக்கு வேண்டாம். தபால்காரர் மாடி ஏற அலுத்துக்கொள்கிறார்.

தங்கை

~

ஜூன் 2

அன்புத் தங்கச்சிக்கு,

நான் நலம். உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். ஒரு பக்கம்கூட இல்லாத கடிதத்தில் படிக்க என்ன இருக்கிறது என்பாய். இல்லாததைத்தான் படித்தேன்.

என் முட்டியைப் பற்றி நீ கேட்கவில்லை. உனக்குக் கல்யாணமாகிப் போனதிலிருந்து அதைக் கேட்காமல் நீ ஒரு கடிதமும் எழுதியதில்லை. பட்டாணி அடியில் எதுவும் கிறுக்கவில்லை. தபால்காரர் இத்தனை வருஷமும் மாடி ஏறியவர்தானே?

மாப்பிள்ளைக்கு என்மேல் ஏதும் வருத்தமா? நான் என்ன செய்தேன் என்று சொன்னால் காலில் விழுவதென்றாலும் விழுகிறேன், முட்டிக்குப் பழக்கம்தான்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பட்டாணியின் காலை வரைந்து அனுப்பு. இந்த வயதில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை கால் நீளும். அந்தக் காகிதத்தைப் பார்த்தால் எனக்குப் போதும்.

அண்ணன்

~

ஜூலை 8

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதிக்கொண்டது. உன் முட்டி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருக்கும், வேறு அனுப்புகிறேன்.

கேட்டபடி கால் வரைந்து வைத்திருக்கிறேன். இடது கால் மட்டும். இரண்டும் ஒரே அளவுதானே, எதற்கு இரண்டு காகிதம்? இந்தத் தடவை ஒரு நூல்கூடக் கூட்டாமல் குறைக்காமல் வரைந்திருக்கிறேன். நீ அவசரப்பட்டு எதுவும் வாங்க வேண்டாம். பார்த்துக்கொள், அவ்வளவுதான்.

அடியில் அவள் கிறுக்கியிருக்கிறாள். என்ன என்று கேட்டேன், ஜன்னல் என்றாள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

தங்கை

~

ஜூலை 16

தங்கச்சி,

பிப்ரவரியில் நீ அனுப்பிய காகிதம் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. யானையை வைத்துக்கொள்வதற்காகப் பத்திரப்படுத்தினேன். இன்று காலை கடை திறந்ததும் அதையும் நீ இப்போது அனுப்பியதையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன்.

கால் சின்னதாகியிருக்கிறது.

பதினோரு வருஷமாகப் பிள்ளைகளின் காலை அளக்கிறேன். எந்தப் பிள்ளையின் காலும் ஐந்து மாதத்தில் சின்னதாகி நான் பார்த்ததில்லை. முதலில் வரைந்ததில் உன் கை கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும், அதை விடு, அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது வேறு. நிற்கிற காலில் எடை விழும், சுண்டுவிரல் பக்கம் அகலும். இந்தக் காலில் அந்த அகலம் இல்லை. விரல்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. குதிகாலில் கோடு இரண்டு இடத்தில் விட்டுப்போயிருக்கிறது. காகிதம் தரையில் இல்லை, அட்டையில் வைத்துக் காலுக்குக் கீழே யாரோ பிடித்திருக்கிறார்கள். கைக்குழந்தைகளுக்கு நாங்கள் இப்படித்தான் அளவெடுப்போம், நிற்கத் தெரியாத பிள்ளைகளுக்கு.

அவள் படுத்திருக்கிறாள். வலது காலை உன்னால் வரைய முடியவில்லை. நான் சொல்வது பொய் என்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு என்னைத் திட்டி எழுது.

பொய் இல்லை என்றால் நான் ஒன்று சொல்ல வேண்டும். ஏப்ரலில் எழுதியபோதே சொல்லியிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை. அந்த நீல ஷூ எங்கள் கடைச் சரக்கு இல்லை. பத்தாம் நம்பர் இல்லை என்றதும், லாரி கிளம்பப் போகிறதே, பிள்ளை தினமும் கேட்கிறாளே என்று பேருந்து நிலையத்துக்கு ஓடிப்போய் அந்தத் தள்ளுவண்டியில் வாங்கினேன். எங்கள் கடைக் காலிப் பெட்டியில் போட்டுக் கட்டினேன். போலியைக் கையில் தொட்டதும் சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் மார்தட்டுகிறவன் நான். தொட்டதும் தெரிந்தது. தெரிந்தேதான் வைத்தேன். உன்னை வளைத்துப் பார்க்க வேண்டாம் என்று எழுதியது அதனால்தான்.

முதலாளியிடம் லீவு கேட்டிருக்கிறேன். முப்பதாம் தேதி அங்கே இருப்பேன். மாப்பிள்ளை வாசலிலேயே நிறுத்தினாலும் வருவேன். அவர் என்ன சொன்னாலும் அது எனக்குச் சேர வேண்டியதுதான். அவளுக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் எழுது.

அண்ணன்

~

ஜூலை 24

அண்ணா,

ஏப்ரல் நான்காம் தேதி அவள் விழுந்தாள். படியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். நான் மேலே கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். டப் டப் என்று கேட்டுக்கொண்டே இருந்தது, பிறகு கேட்கவில்லை. உன் கடிதம் ஏழாம் தேதி வந்தது.

ஒரு ஷூ இரண்டாம் மாடித் திருப்பத்திலேயே கிடந்தது. அவள் ஒரு மாடி கீழே கிடந்தாள். வலது கணுக்காலுக்கு மேலே இரண்டு இடத்தில் எலும்பு முறிந்துவிட்டது. முதலில் போட்ட மாவுக்கட்டில் எலும்பு சரியாகச் சேரவில்லை என்று பிரித்து அறுத்து வைத்தார்கள். அது புண் வைத்துக்கொண்டது. மறுபடி அறுத்தார்கள். இப்போது புண் ஆறிவிட்டது. ஆனால் எலும்பு வளர்கிற இடத்தில் அடிபட்டிருக்கிறதாம், அந்தக் கால் மற்றக் காலோடு சேர்ந்து வளராதாம். பெரிய டாக்டர் படம் போட்டு விளக்கினார். நான் தலையைத் தலையை ஆட்டினேன். வெளியே வந்ததும் பட்டாணியின் அப்பா என்னிடம் "என்ன சொன்னாரு?" என்று கேட்டபோது டாக்டர் போட்ட படத்தை அவர் கையில் கொடுத்தேன்.

அவள் விழுந்த அன்றே அவர் அந்த ஷூவைக் கையில் எடுத்துப் பார்த்தார். உள்ளே இரண்டு விரல் போகிறது. "இத்தனை வருஷம் அளக்குறவருக்கு நம்ம பிள்ளை கால் தெரியலையா" என்றார். உன் பெயரையே எடுக்கக் கூடாது, ஒரு கடிதமும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். கீழ்வீட்டு லாரிக்காரரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்றார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன் அண்ணா. நின்றுகொண்டு பேசாமல் இருந்தேன்.

பிப்ரவரியில் நான் பென்சிலை அரை விரல் தள்ளி வரைந்தேன். கை தவறவில்லை. சுற்றிலும் ஒரே சீராகத் தள்ளி வரைந்தேன். சரியான அளவு அனுப்பினால் நீ சரியான அளவுதான் வாங்குவாய், அடுத்த கோடைக்கு ஆகாது, பெரிதாக வாங்கு என்று சொன்னால் பெரிய பிரசங்கம் செய்வாய். அதனால்தான் உன்னிடம் சொல்லாமல் செய்தேன். நீ அதன் மேல் உன் அரை விரலையும் சேர்த்தாய். நான் உனக்குத் தங்கையாக வாய்த்தது உன் பாக்கியம் என்று எழுதினாயே, அந்த வரியைப் படித்தபோது சிரித்தேன். எப்படி ஏமாற்றிவிட்டேன் பார் என்று அவரிடம்கூடக் காட்டவில்லை, எனக்குள்ளேயே சிரித்தேன்.

உன் கடைசிக் கடிதம் வந்து மூன்று நாள் அதைக் கடை இழுப்பறையில் வைத்திருந்தேன். எல்லாவற்றையும் உன் தலையில் போட்டுக்கொண்டுவிட்டாய். நான் சும்மா இருந்தாலே போதும், காலத்துக்கும் யாருக்கும் தெரியாது. நேற்று அதை எடுத்துப்போய் அவருக்குப் படித்துக் காட்டினேன். படித்து முடித்ததும் பென்சில் விஷயத்தையும் சொன்னேன். அவர் அதன் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பிடாமல் எழுந்து போனார். இன்று காலையில் கிளம்பும்போது வாசலில் நின்று "வரட்டும்" என்றார். உன்னைத்தான்.

நீ எழுதியதில் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறாய். எனக்காகத்தான் விட்டாய் என்று தெரிகிறது. நான் உன் பழைய கடிதங்களை எல்லாம் வைத்திருக்கிறேன். மார்ச் மாதத்துக் கடிதத்தில் ஒன்பது அடுக்கடுக்காகக் கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். கடையின் அசல் சரக்கு. அவள் அளவு ஒன்பது, அண்ணா.

உன் முட்டியோடு மூன்று மாடி ஏற வேண்டும், நிதானமாக ஏறு. பட்டாணியிடம் மாமா வருகிறார் என்று சொல்லிவிட்டேன். ஷூ கொண்டு வருவாரா என்று கேட்டாள். அதனால் வரும்போது அந்த நீல நிறத்தில் ஒன்பது வாங்கி வா. வலது காலுக்கு ஆஸ்பத்திரியிலேயே இரும்பு வைத்து ஷூ செய்து தருகிறார்களாம். இடது காலுக்கு மட்டும் போதும்.

உன் தங்கை